சங்கட்டி தின்றால் கையெழுத்து

பிப்ரவரி ஒன்பது, திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். சித்தூர் மாவட்டம், பாலசமுத்திரம். பனி. என் மூக்கு நுனி வரைக்கும் தெரிந்தது. அதற்கு அப்பால் ஆந்திரப் பிரதேசம் தெரியவில்லை.

எழுபத்து மூன்று வயதில் மாநிலம் தாண்டுவது எனக்குக் கடல் தாண்டுவது மாதிரி. ரயில்வே கணக்குப் பிரிவில் உட்கார்ந்து ஊரார் பயணப்படியையெல்லாம் சரிபார்த்தவன் நான். பயணத்தில் என்னென்ன கெடும் என்பது எனக்குத் தெரியும் என்பதால் நானாக எங்கும் போவதில்லை. பெரம்பூரிலிருந்து கிளம்பும்போது இரண்டு பை, நான்கு பாட்டில் தண்ணீர், ஒன்பது வகை மாத்திரை. வெளிச் சாப்பாடு என் வயிற்றுக்கு ஆகாது. அதனால் ரொட்டி இரண்டு பாக்கெட்.

கிளம்பியதற்குக் காரணம் என் அக்கா. மணமாகி இந்த எல்லையோர ஊருக்கு வந்தவள், எழுபத்தொன்பது வயது. இருதயக் குழாயில் இரண்டு அடைப்பு. வேலூர் மருத்துவமனையில் அடுத்த திங்கட்கிழமை நாள் குறித்துவிட்டார்கள். அக்கா அதற்கு முன்னால் தானாக ஒரு நாள் குறித்துக்கொண்டாள்.

"திருப்பதி பெருமாளப் பாக்காம ஒருத்தனையும் நெஞ்சத் தொட உடமாட்டேன்" என்றாள் போனில். "நீ இன்னா பண்ணுவியோ, பண்ணு."

வரிசையில் நிற்க அவளால் முடியாது. மூத்தோருக்கான இணையப் பதிவு நிரம்பிவிட்டது. மீதி ஒரே வழி, சட்டமன்ற, மேலவை உறுப்பினர்கள் தரும் சிபாரிசுக் கடிதம். அதைக் காட்டினால் தனி வரிசையில் சீக்கிரம் தரிசனம். ஐந்து பேரை விசாரித்தேன்; ஐந்து இடத்திலும் அடுத்த மாதம் என்றார்கள். ஒரே ஓர் எம்.எல்.சி.யிடம் மட்டும் இந்த வாரமே கிடைக்கும் என்று தெரிந்தது. பெயர் பெஞ்சலம்மா. யானாதி என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர், நியமன உறுப்பினர், ஆறு வருடப் பதவி இந்த மாதக் கடைசியில் முடிகிறது. எல்லாரிடமும் கூட்டம் முட்டும்போது இவரிடம் மட்டும் எப்படி இடம் இருக்கிறது என்பது எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. காலியாக வருகிற பஸ்ஸில் நான் ஏறுவதில்லை.

அக்காவின் கணவர் முனிரத்தினம் மாமா, எண்பத்து மூன்று வயது, நாற்பது ஏக்கர் மாந்தோப்பு. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், நீ மட்டும் உள்ள போய்க் கேளு. நாங்க வண்டியில இருக்கறோம். ஊர் பேரு கேட்டா பெரம்பூர்னு சொல்லு."

"ஏன் மாமா?"

"அவ நம்ம தோட்டத்துக் காவக்காரன் சின்னய்யா மவ."

"அதனால?"

"அதனாலதான்" என்று எழுந்து போய்விட்டார்.

வாடகை வண்டி ஓட்டி வந்தவர் பாஷா. நகரிக்காரர், ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பவர். பாலசமுத்திரத்திலிருந்து சித்தூர் போவதற்குள் முப்பத்தொரு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் அக்காவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஏழாவதில் அவள், "நான் சாவல, நேரா பாரு" என்றாள்.

பெஞ்சலம்மாவின் கதையை பாஷாதான் சொன்னார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பி மாம்பூவைப் பார்த்துக்கொண்டு வந்தார். இந்த வருடம் பூ நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவ்வளவு நேரம் பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

"தோட்டத்து மூலையில குடிசை சார். சின்னப் புள்ளையா தகர டப்பா தட்டிக் கிளி ஓட்டினு இருந்தவங்க. அப்புறம் ஹாஸ்டல்ல போட்டாங்க, டென்த் வரைக்கும் படிச்சாங்க. ஊர்ல வார்டு மெம்பர் சீட்டு எஸ்.டி.க்கு வந்துச்சி; நிக்க ஆளே இல்ல, இவங்க நின்னாங்க. அடுத்து சர்பஞ்ச், அதான் பஞ்சாயத்துத் தலைவர், அந்த சீட்டும் சுத்திக்கினு அங்கியே வந்துச்சி. சொன்ன எடத்துல கையெழுத்துப் போடும்னு நெனச்சி பெரிய மனுஷங்களே ஓட்டு வாங்கிக் குடுத்தாங்க."

"போட்டாரா?"

"போட்டாங்க. படிச்சிப் பாத்துட்டுப் போட்டாங்க. அதுல பாதி பேருக்குக் காய்ச்சல் வந்துடுச்சி."

பிறகு மண்டலத் தலைவர், பிறகு மேலவை. பாஷா வண்டியை ஓரங்கட்டி போனில் ஒரு காட்சி காட்டினார். மேலவையில் பெஞ்சலம்மா நின்று பேசுகிறார். யானாதிக் குடியிருப்புகளில் செத்தவரைத் தூக்கிப் போகப் பாதை இல்லை, அடுத்தவர் வயல் வரப்பில் கெஞ்சிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது என்பது பேச்சு. நேரம் முடிந்ததென்று மணி அடிக்கிறது. அவர் உட்காரவில்லை. தெலுங்கில் சொன்னதை பாஷா தமிழாக்கினார்: "தலைவரே, மணி அடிச்சா பறக்கறது கிளி. எட்டு வருஷம் அடிச்சவ நான். எனக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் வேணும்."

சபையே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். "அது நம்ம வூட்டு எண்ணெய் டின்னுடா" என்றாள். மாமா மாம்பூவைப் பார்த்தார்.

ஆறு வருடத்தில் பதினோரு குடியிருப்புக்குப் பாதை கேட்டாராம், நான்குக்குக் கிடைத்ததாம். மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு முப்பத்தாறு. எங்கள் காலத்தில் தேர்ச்சிக்கு முப்பத்தைந்து போதும்.

"இவ்வளவு நல்ல அம்மாவிடம் கடிதத்துக்கு ஏன் கூட்டம் இல்லை?" என்று கேட்டேன்.

பாஷா கண்ணாடியில் மாமாவைப் பார்த்தார். "அவங்க வீட்டுல கையெழுத்து ஃப்ரீ சார். சங்கட்டிதான் காஸ்ட்லி."

சித்தூரில் டைல்ஸ் கடைக்குப் பின்னால் வாடகை வீடு. முன்னால் தகரக் கொட்டகை, அதில் பெஞ்சுகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் விறகடுப்பு, அடுப்பில் ஒரு பெரிய அலுமினியக் குண்டான். ராகிக் களியைத்தான் அங்கே சங்கட்டி என்கிறார்கள். சுடச்சுட உருண்டை பிடித்து, குழி செய்து நெய் ஊற்றி, வேர்க்கடலைத் துவையலோடு தருகிறார்கள். கடிதத்தில் பேர் எழுத வேண்டிய ஒவ்வொருவரும் ஓர் உருண்டை சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகுதான் பெஞ்சலம்மா பேனாவைத் திறப்பார். அதுதான் அந்த வீட்டு வழக்கம்.

எனக்கு முன்னால் பதினேழு பேர். கையெழுத்துக்கு ஆசைப்பட்டு வந்து உருண்டைக்குப் பயந்து நெளிகிற கூட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒருவர் சர்க்கரை நோய் என்றார். சர்க்கரைக்கு ராகி நல்லது என்று பெஞ்சலம்மாவின் பி.ஏ. பதில் சொன்னார். இன்னொருவர் அன்று காலைதான் பல் பிடுங்கியதாகச் சொன்னார். வாயில் வெற்றிலை இருந்தது. பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மா பார்சல் கேட்டார். "பார்சல் தெருமுனை நாய் வரைக்கும்தான் போவுது, அம்மா. பாத்துட்டோம்" என்றார் பி.ஏ. மரியாதையாக. எட்டுப் பேர் சாப்பிட்டார்கள், ஐந்து பேர் எழுந்து போனார்கள், நான்கு பேர் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

என் முறை வந்தது. பெஞ்சலம்மாவுக்கு ஐம்பதுக்குள் இருக்கும். குள்ளம். எல்லாரும் உட்கார்ந்த அதே பிளாஸ்டிக் நாற்காலி. ஆதார் நகல்களைப் புரட்டிவிட்டு எல்லைத் தமிழில் பேசினார்.

"எந்த ஊருங்க?"

"பெரம்பூர்."

"நீங்க பெரம்பூர். மத்த ரெண்டு ஆதாரும் பாலசமுத்திரம்னு சொல்லுதே." ஜன்னலைப் பார்த்தார். "அந்த வெள்ளை வண்டியில தலையக் குனிஞ்சிக்கினு இருக்கறது முனிரத்தினம் காருவா?" என்றார், தெலுங்கு மரியாதை சேர்த்து.

"அவருக்கு மூட்டு வலி" என்றேன்.

"கழுத்துமா? அரைமணியா குனிஞ்சே கீறாரே."

நான் முப்பத்தெட்டு வருடம் மற்றவர்களின் பொய்க் கணக்கைக் கண்டுபிடித்தவன். எனக்குப் பொய் சொல்ல வராது என்று அன்று தெரிந்தது. அக்காவின் நெஞ்சு, வேலூர், திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியது. "மீனாட்சம்மாவுக்கா?" என்று எழுந்தவர், மறுபடி உட்கார்ந்தார்.

"கடுதாசி தர்றேன். ஆனா மூணு பேரும் உள்ள வந்து சாப்பிடணும். உடம்பு முடியாதவங்களுக்கு ஒரு வாய் போதும்." பிறகு, நான் கேட்காமலே சொன்னார்: "பதவி வந்த மொத வாரம் நாப்பது பேர் லெட்டருக்கு வந்தாங்க. எல்லாருக்கும் டீ குடுத்தேன். லெட்டர் வாங்கிக்கினு போனப்புறம் பாத்தா, நாப்பது டம்ளரும் ஜன்னல் மேல அப்படியே ஆறிக் கெடக்குது. அன்னிக்கி முடிவு பண்ணேன். என் கையெழுத்து மட்டும் மலையேறாது, என் சோறும் ஏறும்."

போய் மாமாவை அழைத்தேன். வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்று, கொட்டகையின் கம்பத்தைப் பார்த்துச் சொன்னார்: "இன்னிக்கி திங்கக்கெழம. எனக்கு விரதம்."

"பெருமாளப் பாக்கப் போறவருக்கு சிவன் விரதமா?" என்றார் பெஞ்சலம்மா.

கொட்டகை சிரித்தது. பல் பிடுங்கியவர்தான் அதிகம் சிரித்தார். மாமாவின் காது சிவந்தது. திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் திரும்பினால் கடிதத்தில் அவர் பேர் வராது. அவர் வராமல் அக்கா மலையேற மாட்டாள். மலையேறாமல் வேலூர் போக மாட்டாள். என் மாத்திரை டப்பாவைத் தடவிக்கொண்டு நின்றேன்.

இதற்குள் அக்கா பாஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"பெஞ்சலா, எனுக்குப் பசிக்குதுடி" என்றாள். ஒரு சட்டமேலவை உறுப்பினரை அவள் 'டி' போட்டதில் பி.ஏ. திகைத்துப் போனார். அந்த அம்மாவோ தானே தட்டைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். அக்கா ஒரு வாய் கிள்ளி, துவையலில் தொட்டு, விழுங்கினாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"உன் விரதம் நல்லா நடக்கட்டும். எனுக்கு ஆபரேசன் வேணாம். பாஷா, வண்டியத் திருப்பு."

மாமா உட்கார்ந்தார். நான்கூட உட்கார்ந்தேன். என் வயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மாமா முதல் வாயைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். இரண்டாவது வாயில் கண் திறந்தது. அக்காவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் களி கிண்டுவதில்லை. ஓர் உருண்டை போயிற்று. கேட்காமலே இரண்டாவது வந்தது, அதுவும் போயிற்று.

கை கழுவியவர், எதையாவது சொல்லவேண்டுமே என்று, "உப்பு கம்மி" என்றார்.

"உங்க வூட்டுக் கொல்லையில எங்களுக்கு ஊத்தின கஞ்சியிலயும் கம்மிதான்" என்றார் பெஞ்சலம்மா, பேனாவைத் திறந்தபடி.

யாரும் சிரிக்கவில்லை. மாமா கொஞ்ச நேரம் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் விடைபெறும்போது எல்லாரும் சொல்கிற அந்த வார்த்தையைச் சொன்னார். "ஒருநாள் வூட்டுக்கு வாம்மா, சாப்புட."

"வர்றேன்" என்றார் அவர் உடனே. "இப்ப வரமாட்டேன். இப்ப வந்தா எம்.எல்.சி.க்குப் போடற சோறு. மாசக் கடைசியில பதவி முடியுது. ரெண்டாந்தரம் குடுத்தா வேற விஷயம். குடுக்கலன்னா, அதுக்கப்புறம் வர்றேன்."

கடிதத்தில் கையெழுத்து விழுந்தது.

திருப்பதி போகும் வழியில் டயர் பஞ்சர். மாற்று டயரிலும் காற்று இல்லை. இதைக் கிளம்பும்போதே பாஷாவிடம் இரண்டு முறை கேட்டிருந்தேன். வெல்லம் காய்ச்சுகிற ஆலை ஒன்றின் பக்கத்தில் வெயிலில் நின்றோம். தாண்டிப் போன வேன் ஒன்று நின்று பின்னால் வந்தது. உள்ளே பல் பிடுங்கியவர். "கடைசியில் ரெண்டு உருண்டை!" என்று மாமாவைப் பார்த்துத் தெலுங்கில் கத்தினார். அவர் வேன் டிரைவர் டயரைக் கழற்றி எடுத்துப் போய் ஒட்டிக்கொண்டு வந்தார். அதற்குள் ஆலைக்காரர்கள் அக்காவுக்குக் கயிற்றுக் கட்டில் போட்டார்கள். மாமாவுக்கும் எனக்கும் சூடான வெல்லப் பாகு. பெரம்பூரில் நடுத்தெருவில் டயர் வெடித்தால் கூட்டம் கூடும், கட்டில் வராது.

மறுநாள் காலை அலிபிரி சோதனைச் சாவடியில் மாமாவின் இடுப்பிலிருந்து இரண்டு கட்டு பீடியை எடுத்துவிட்டார்கள். "சாமிக்குத் தெரியாதா நான் பீடி குடிக்கறது?" என்று கேட்டார். "சாமிக்குத் தெரியும், சார்வாளுக்குத் தெரியக்கூடாது" என்றார் சோதனை செய்த பையன். மலைமேல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நாள் முழுக்க என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே கிடைத்த காபி பெரம்பூர் காபியைவிட நன்றாக இருந்தது. அதை இங்கே எழுதத்தான் வேண்டியிருக்கிறது. மாலையில் குறுஞ்செய்தி வந்தது. தலைக்கு ஐந்நூறு கட்டினோம்.

புதன்கிழமை காலை தரிசனம். அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனோம், கடைசியில் அவள் நடந்தாள். என்ன பார்த்தோம் என்பதை எழுதினால் எல்லாரும் எழுதுவதுபோலத்தான் இருக்கும். வெளியே வந்ததும் லட்டைப் பிட்டுக்கொண்டே அக்கா சொன்னாள்: "எனுக்கு ஒண்ணும் கேக்கல. பெஞ்சலாவுக்கு இன்னொரு ஆறு வருசம் குடுன்னு கேட்டேன்."

மாமா திடுக்கிட்டார். "நானும் அதான் கேட்டேன்."

எனக்குக் கண் கலங்கப் பார்த்தது. அக்காவுக்குக் கலங்கவில்லை, அவள் அவரோடு அறுபது வருடம் வாழ்ந்தவள்.

"பதவி இருந்தா வூட்டுக்குச் சாப்புட வரமாட்டாள்னு கேட்டியா?"

மாமா லட்டில் முந்திரி தேடினார்.

பதினாறாம் தேதி வேலூரில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். நலம். நான் பெரம்பூர் திரும்பினேன். மாதக் கடைசியில் மாமாவின் போன்.

"மச்சான், பெருமாள் கை உட்டுட்டாரு. சீட்ட வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம். பதினஞ்சாந்தேதி ஞாயித்துக்கெழம வர்றேன்னு சொல்லிட்டா. நீ வந்துடு." போனை வைக்குமுன், "எனுக்குத் தனியா இருக்க ஒரு மாதிரியா கீது" என்றார்.

பள்ளிப்பட்டில் மளிகை வாங்கிக்கொண்டு போனேன். பட்டியலை மாமாவே போனில் சொன்னார், அக்காவுக்குக் கேட்காதபடி. ஞாயிறு பதினொரு மணி, நல்ல வெயில். மாமா வாழையிலைக் கட்டோடு வந்தார். அக்கா அலமாரியைத் திறந்து, கல்யாணத்தில் வந்த, தன் பேர் வெட்டிய எவர்சில்வர் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எல இருக்குதே" என்றார் மாமா.

"எலயின்னா தின்னதும் தூக்கிப் போட்டுடலாம். அதுக்குத்தான வாங்கினு வந்த?" என்றாள். இலைக்கட்டு மாட்டுக்குப் போயிற்று.

ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார் பெஞ்சலம்மா. பி.ஏ. இல்லை. கூட ஒரு கிழவர்: அவர் அப்பா சின்னய்யா, கையில் குச்சி. இறங்கியதும் கிழவர் யாரையும் பார்க்காமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். கால் தானாகப் போகிற மாதிரி. பெஞ்சலம்மா கூப்பிடவில்லை. மாமாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா தொண்டையைச் செருமினார். ஒரு முறை செருமினால் வராது போலிருக்கிறது, மறுபடியும் செருமினார்.

"சின்னய்யா, எங்கய்யா போற? வாச இந்தப் பக்கம் கீது."

கிழவர் நின்றார். "தொரா?" என்றார்.

"வாய்யா. சோறு ஆறுது."

கூடத்தில் ஐந்து தட்டுகள். சின்னய்யாவும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில். முதலில் இருவரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு யாரோ பூச்சியைப் பற்றி ஏதோ சொல்ல, இந்த வருடப் பூவில் எவ்வளவு நிற்கும் என்பதில் சண்டை வந்தது. பாதிக்கு மேல் உதிரும் என்றார் சின்னய்யா. உனக்கு எப்பவும் அப்படித்தான் என்றார் மாமா. நான் மூன்று முறை சாம்பார் வாங்கினேன். வயிறு ஒன்றும் செய்யவில்லை.

"வேலை என்ன இனிமேல்?" என்று பெஞ்சலம்மாவைக் கேட்டேன்.

"மிச்சம் ஏழு பாதை கீதே" என்றார். "உள்ள நின்னு கேட்டது போதும். இனிமே வெளிய உக்காந்து கேக்கணும். வெளிய மணி அடிக்க ஆளில்ல."

அக்கா பரிமாறக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் மாமாதான் எழுந்து எழுந்து பரிமாறினார். பெஞ்சலம்மா ரசச் சோற்றில் முதல் வாய் சாப்பிடும்போது அவர் கரண்டியோடு எதிரில் நின்றுவிட்டார். பெஞ்சலம்மா மென்றார், விழுங்கினார், நிமிர்ந்தார்.

"உப்பு சரியா கீதுங்க" என்றார்.

மாமா உள்ளே போய், கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு கொண்டுவந்து போட்டார்.

மாலை பஸ்ஸில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். வண்டி, தரிசனச் சீட்டு, அறை, சாப்பாடு, இரண்டாவது பயணம், விருந்து மளிகை, அதில் மாமா போனில் இரண்டு தடவை நினைவூட்டி வாங்கச் சொன்ன கல் உப்பு ஒரு கிலோ, பதினைந்து ரூபாய். எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு பத்தாயிரத்து இருநூற்று இருபத்தைந்து ரூபாய்.